காதில்லாத காருக்கு வாய் எதற்கு?

நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு ஜப்பானியப் பெண் பேசுகிறாள். மிகவும் மரியாதையான குரல். என் தங்கை மகன் வேலைக்குப் புறப்படக் காரை உயிர்ப்பித்ததும் ஒரே ஒரு வாசகத்தைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவாள். அவள் என்ன சொல்கிறாள் என்பது நெடுநாளாக அவனுக்குத் தெரியாது. ஜப்பானில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய நண்பர் ஒருவர்தான் விளக்கினார்: ‘ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை’ என்கிறாளாம். ஜப்பானிய அதிவேகப் பாதைகளில் சுங்கக் கட்டணம் அறவிடும் அட்டை அது. மஹய்யாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும் பிள்ளைக்கு அந்த அட்டையால் ஆவது என்ன? ஆயினும் அவள் தன் கடமையில் தவறுவதில்லை.

அந்தக் கார் ஒரு பழைய டொயோட்டா விட்ஸ். 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நீங்கிய பின்னரும் வரியைக் கேட்டவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பினார்கள். ஆகவே, இந்நாட்டின் நடுத்தர வகுப்பினர் பலரைப் போல அவனும் பழைய வாகனமொன்றைத் தேடிப்பிடித்து வாங்கினான். வாங்கிய சில வாரங்களில், கையில் இரண்டு விலைத் துண்டுகளுடன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான்.

“மாமா, காரில் இருக்கிற செட்டை மாத்தப் போறேன். எதைப் போடலாம்னு சொல்லுங்க.”

முதல் துண்டில் ஒன்பது அங்குலத் திரையுடைய அன்ட்ரொய்ட் பிளேயர். இரண்டாவதில் அதே திரை, கூடவே ஓர் அம்ப்ளிஃபயர், பின்புறப் பெட்டிக்குள் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர். இவற்றுக்கு வெளியே, எழுதப்படாத மூன்றாவது யோசனையும் உண்டு: இருக்கும் ஜப்பானியப் பெட்டியை வைத்துக்கொண்டு, வானொலிக்கு ஓர் ‘எக்ஸ்பாண்டர்’ மட்டும் பூட்டுவது. அதைப்பற்றிக் கேட்டபோது கடைக்காரர் சிரித்தாராம்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். “தம்பி, இந்தக் காரில் இப்போது என்ன கேட்கிறது?”

அவன் பொத்தானை அழுத்தினான். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல். அலைவரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை இரைச்சல். இறுதியில் யாரோ ஒருவரின் அரைகுறைக் குரல்.

“ரேடியோ ஒண்ணும் வராது மாமா. ஜப்பான் செட்தானே.”

அந்தக் கடைசி இரண்டு சொற்களே இப்பதிவை எழுதத் தூண்டின. “ஜப்பான் செட்தானே!” எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம்! தன் நாட்டின் குரலைத் தன் சொந்த வாகனத்தில் கேட்க முடியாத ஒருவன், அதை ஒரு குறையாகவே கருதவில்லை. எத்தனை அங்குலத் திரை, எத்தனை வாட் ஓசை என்பதுதான் அவன் கவலை. காது கேளாத பிள்ளைக்கு ஒலிவாங்கி வாங்கிக் கொடுக்கும் கதையாக இது எனக்குப் பட்டது.

விடயம் விளங்காத வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். உலகின் பெரும்பாலான நாடுகளில் பண்பலை வானொலி 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையில் இயங்குகிறது. இலங்கையும் இந்தியாவும் அப்படியே. ஜப்பானோ தனக்கென 76 முதல் 90 வரையிலான பட்டையை வகுத்துக்கொண்டது. அங்கே 90 முதல் 108 வரையிலான இடத்தில் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் குடியிருந்தன. 2011 ஜூலையில் பழைய முறைத் தொலைக்காட்சி ஜப்பானின் பெரும்பகுதியில் நிறுத்தப்பட்ட பிறகே அந்த இடம் காலியாயிற்று. 2014 இறுதியில் வானொலியை 95 வரை நீட்டினார்கள். அதற்கு முன்னர் செய்யப்பட்ட கார்களின் பெட்டிகளுக்கு 90-க்கு மேல் ஓர் உலகம் இருப்பதே தெரியாது. நமது நிலையங்களில் பெரும்பாலானவை அந்த 90-க்கு மேலேதான் இருக்கின்றன. ஆகவே நமது வீதிகளில் ஓடும் எண்ணற்ற விட்ஸ்களும் ஆக்சியோக்களும் வேகன் ஆர்களும் பிறவியிலேயே செவிடானவை அல்ல. நாடு மாறியதால் செவிடானவை.

இதற்கு மருந்தாக விற்கப்படுவதே எக்ஸ்பாண்டர் என்னும் சிறு பெட்டி. அன்டெனாவுக்கும் வானொலிக்கும் இடையே அதைப் பூட்டினால், வரும் அலைகளை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிக் கொடுக்கும். 20 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் பெட்டியாயின், 103-இல் இருக்கும் நிலையம் உங்கள் திரையில் 83 என்று தோன்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமது பட்டையின் அகலம் ஏறத்தாழ 20. பழைய ஜப்பானிய வானொலியின் அகலம் 14. இருபது முழத் துணியைப் பதினான்கு முழப் பெட்டியில் மடிக்காமல் வைக்க முடியுமா? 20 இறக்கினால் 96-க்கு மேற்பட்டவை கேட்கும். 90-க்கும் 96-க்கும் இடைப்பட்டவை காணாமற் போகும். 12 இறக்கினால் 102-க்கு மேற்பட்டவை போய்விடும். எந்த நிலையம் உங்கள் காரில் பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. அன்றைய தினம் கடைக்காரரின் மேசை இழுப்பறையில் எந்தப் பெட்டி கிடந்ததோ அது தீர்மானிக்கிறது. விரும்பும் தமிழ் நிலையம் எந்த இலக்கத்தில் ஒலிக்கிறது என்று கேட்டுவிட்டு எக்ஸ்பாண்டர் பூட்டிய ஒரு கடையை நான் இதுவரை கண்டதில்லை. அத்துடன், இந்த மலிவுப் பெட்டிகள் தம் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் சேர்த்தே தருகின்றன. மலைகளுக்கு நடுவே, ஒரு வளைவில் கேட்டு மறு வளைவில் மறையும் அலைகளை நம்பி வாழும் கண்டிக்காரருக்கு அது சிறிய குறையன்று.

“இந்தக் காலத்தில் யார் சார் ரேடியோ கேட்கிறார்கள்? போனில் எல்லாம் இருக்கிறதே” என்று கேட்கும் அன்பர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரே ஒரு வாரத்தை நினைவூட்டுகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இந்தத் தீவைக் கடந்தது. 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மலைகள் சரிந்தன, மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் பல இடங்களில் ஊமையாகின. அனைத்தும் இருப்பதாகச் சொல்லப்பட்ட அந்தக் கைத்தொலைபேசி, அந்நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கைவிளக்காக மட்டுமே பயன்பட்டது, பற்றரி தீரும்வரை. எச்சரிக்கை அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு பின்னர் பரவலாக எழுந்தது. அது தனியே எழுதப்பட வேண்டிய வேதனை. நான் சொல்ல வருவது வேறு. அந்த இரவில் எங்கள் ஒழுங்கையில் ஐந்து கார்கள் நின்றன. ஐந்திலும் பற்றரி இருந்தது. ஐந்திலும் வானொலி இருந்தது. ஐந்தில் நான்கு ஜப்பானிய வானொலிகள். ஐந்தாவதில் பளபளக்கும் பெருந்திரை ஒன்று இருந்தது. இணையம் இல்லாத வேளையில் அது நிலையங்களைப் பிடிக்க முடியாமல் திணறியது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் உறவினர் உள்ள அயலவர்கள், என் வீட்டுப் பழைய கைவானொலியைச் சுற்றி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குந்தியிருந்தார்கள். இலட்சக்கணக்கில் விலைபோகும் வாகனங்கள் வாசலில் நிற்க, இரண்டு சிறு பற்றரிகளில் பேசும் ஒரு பழைய பெட்டியே எங்களுக்குச் செய்தி சொன்னது.

வானொலியின் அருமை தெரியாத இனமா நாம்? 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949-இல் அது இலங்கை வானொலி ஆயிற்று. இந்தியாவில் 1952-இல் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்குத் தடைபோட்ட காலத்தில், தமிழகம் முழுவதும் காதைத் திருப்பியது கொழும்பை நோக்கித்தான். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் அடையாளம் கண்டார்கள். கடல் கடந்து கேட்ட குரல், இன்று நம் சொந்த வீதியில் நம் சொந்தக் காருக்குள் கேட்கவில்லை. இதில் யாருக்கும் வெட்கமில்லை.

நிற்க. மருமகனின் விலைத் துண்டுகளுக்கு வருவோம்.

பெருந்திரைப் பிளேயரின் பெட்டிமேல் ‘50 வாட் × 4’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வேறொன்றில் 60, இன்னொன்றில் 80 கூட இருந்ததாம். இந்தப் பொய்யை உடைக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குடன் சற்றே கூடுதலாகத் தெரிந்தால் போதும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். பிளேயருக்குள் இருக்கும் சிறிய அம்ப்ளிஃபயரால் அதற்கு மேல் செல்ல முடியாது. அந்த 14.4-ஐ இரண்டின் வர்க்கமூலமான 1.414-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.2. அதைத் தன்னாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் தடையான 4 ஓமால் வகுத்தால் 26 வாட். இது எந்த இழப்பும் இல்லாத கற்பனை உலகின் உச்சம். இழப்புகளைக் கழித்தால் சுத்தமான ஓசைக்கு மிஞ்சுவது இருபதுக்குச் சற்று முன்பின். அப்படியாயின் ஐம்பது எங்கிருந்து வந்தது? ஓசையை நசுக்கிச் சிதைத்து, அலையைச் சதுரமாக்கி, அந்த அலறலின் உச்சத்தை அளந்து எழுதுகிறார்கள். அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் 2003-இல் ‘சீ.ஈ.ஏ. 2006’ என்ற அளவீட்டு முறையொன்றைக் கொண்டுவந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு வீதத்துக்குள். அந்த முறைப்படி அளந்த எண்ணைக் கேளுங்கள். நேர்மையான நிறுவனங்கள் சொல்லும். மற்றவர்கள், “அதெல்லாம் பார்க்காதீங்க, சவுண்டைக் கேளுங்க” என்று குமிழைத் திருகுவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஓசை கூடுவது மூன்று டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது ஒரு சிறு உயர்வு. ஓசை இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் வாட் பத்து மடங்காக வேண்டும். ஆனால் அதே மூன்று டெசிபெல்லை, உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் ஒரு சதமும் மின்செலவின்றித் தந்துவிடும். ஆகவே 50, 60, 80 என்று எண்ணைக் காட்டி விலையை ஏற்றுபவர், உங்களுக்கு விற்பது ஓசையை அல்ல, அச்சிட்ட மையை.

அடுத்தது திரை. அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. பின்புறம் பார்க்கும் கமெரா கண்டியின் குறுகிய ஒழுங்கைகளில் உண்மையாகவே உதவுகிறது. ஆனால் விலையில் பெரும்பங்கைத் திரை விழுங்கிவிட, வானொலி வாங்கிக்கு மிஞ்சுவது எச்சிலைதான். மலிவான பெருந்திரைப் பெட்டிகள் பலவற்றில் மிகவும் பலவீனமான பகுதி எது தெரியுமா? அதே வானொலிதான்! ஒலியைக் கூட்டிக் குறைக்கக் குமிழ்கூட இல்லாமல், கண்ணாடியைத் தடவித் தேட வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றரில் செல்லும் கார் ஒரு விநாடியில் பதினொரு மீற்றர் ஓடும். இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 22 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். மஹய்யாவ வழியாகச் செல்லும் ஏ-9 வீதியில், பாடசாலை விடும் நேரத்தில், 22 மீற்றருக்குள் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று ஒரு நாள் வந்து நின்று பாருங்கள். ஓடும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே சினிமாப் பாட்டுக் காட்சியை ஓடவிட்டுச் செல்லும் சாரதிகளை நான் வாரந்தோறும் காண்கிறேன்.

பூட்டும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பட்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் என் காருக்குப் பிளேயர் மாற்றக் கண்டியில் ஒரு கடையில் விட்டேன். கடையின் பெயர் வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய செட்டின் இணைப்பிகளைக் கத்தரியால் வெட்டி, வயர்களை முறுக்கி, மேலே பசைநாடா சுற்றியிருந்தார்கள். பாட்டு நன்றாகவே வந்தது. வானொலி மட்டும் பழையதைவிட மோசமாயிற்று. “உங்கள் ஊரில் சிக்னல் குறைவு” என்றார்கள். ஓராண்டின் பின் வேறொரு முதிய தொழிலாளி பார்த்துவிட்டு ஒரு நீல வயரை எடுத்துக் காட்டினார். கூரையிலுள்ள அன்டெனாவின் அடியில் ஒரு சிறு பூஸ்டர் இருக்கிறதாம். அதற்கு மின்சாரம் கொடுக்கும் வயரை இணைக்காமலேயே விட்டிருக்கிறார்கள். இணைத்ததும் வானொலி பிழைத்தது. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். அவர்கள் ஹந்தானை மலைக் கோபுரங்களையே கோணல் என்று சொல்லிவிட்டார்கள்!

இரண்டாவது துண்டிலிருந்த பன்னிரண்டு அங்குல சப்வூஃபரைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. என் சன்னல்கள் அதைப்பற்றி ஒவ்வோர் இரவும் அதிர்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்வேன். மஹய்யாவ நகரத்தின் மயானம் இருக்கும் இடம். சடலத்தைச் சுமந்து செல்லும் ஊர்வலத்தைப் பக்கவாட்டில் கடந்துசெல்லும் காரிலிருந்து ‘டம் டம்’ என்று வயிற்றில் இடிக்கும் ஓசை எழும்போது, அழுதுகொண்டிருக்கும் முகங்கள் ஒரு கணம் திரும்பிப் பார்க்கின்றன. அந்தப் பார்வையைக் கண்டவன் சப்வூஃபர் வாங்கமாட்டான். இங்கே மாநகர சபைத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. விடியுமுன் எழுந்து இந்த நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யும் மனிதர்கள் அங்கே உறங்குகிறார்கள். அவர்களின் உறக்கத்தின் மேல் ஏறி ஓடுவதற்கு நமக்கு உரிமை கொடுத்தவர் யார்? “என் பணம், என் கார், என் பாட்டு” என்ற வாதம் கதவுக்கு உள்ளே மட்டுமே செல்லும். தாழ்ந்த சுருதியோ கதவைத் தாண்டிச் செல்லும். கேட்பவரின் காதுக்கும் அது நன்மை செய்வதில்லை. வாரத்துக்கு 40 மணிநேரம் 80 டெசிபெல் என்பதே பாதுகாப்பான எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேலே கூட்டக் கூட்ட நேரம் விரைவாகச் சுருங்கிக்கொண்டே போகும்.

“அப்படியென்றால் ஒன்றுமே மாத்த வேண்டாமா மாமா?” என்று முகம் சுருங்கினான் மருமகன். மாற்றத்தான் வேண்டும். ஆனால் வரிசையை மாற்றி. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் காது. 87.5 முதல் 108 வரை முழுமையாகப் பிடிக்கும் வானொலியுடன், திருகும் குமிழுடன், புளூடூத்தும் யூ.எஸ்.பி.யும் உள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எளிய பிளேயர் ஒன்று போதும். வாங்குமுன் கடைக்குள் அல்ல, காரில் பூட்டி வீதியில் வைத்து வானொலியைக் கேட்க வேண்டும். டொயோட்டாவின் முகப்பு பெரும்பாலும் 200 மில்லிமீற்றர் அகலம். பொதுவான பிளேயர்கள் 178. இடைவெளியை மறைக்கும் சட்டத்தையும், வெட்டாமல் பூட்டும் இணைப்பியையும் சேர்த்தே வாங்க வேண்டும். டொயோட்டாவின் பழைய மாதிரிகளுக்குப் பத்து முனையும் ஆறு முனையும் கொண்ட ஆயத்த இணைப்பிகள் கிடைக்கின்றன, அற்ப விலை. கத்தரியை எடுக்கும் கடையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். நீல வயரை மறக்கக் கூடாது. கழற்றிய ஜப்பானியப் பெட்டியைக் கடையில் விட்டுவரவும் கூடாது. காரை விற்கும் நாளில் அதற்கும் ஒரு விலை உண்டு. பற்றரியைக் கழற்றினால் இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும் பெட்டிகளும் அவற்றில் உண்டு என்பது நினைவிருக்கட்டும்.

இரண்டாவது கதவு. பலரும் அறியாத இரகசியம் இது. தொழிற்சாலை பூட்டிய மலிவான காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களே, மெலிந்த ஓசைக்குப் பெரும் காரணம், பிளேயர் அல்ல. முன்கதவுகள் இரண்டுக்கும் உணர்திறன் மிக்க ஒரு சோடி போதும். பின்கதவுகளுக்குச் செலவிட வேண்டாம். முன்னால் இருப்பவனுக்குப் பின்னாலிருந்து பாட்டு வர வேண்டிய தேவையில்லை. கதவின் உட்தகட்டில் பெரிய துவாரங்கள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்பக்க ஓசையும் பின்பக்க ஓசையும் அவற்றினூடே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன; தாழ்ந்த சுருதி காணாமற் போவது அதனால்தான். துவாரங்களை அடைத்து, தகட்டில் அதிர்வைத் தாங்கும் பட்டைகளை ஒட்டினால், இருக்கும் இருபது வாட்டிலேயே மிருதங்கத்தின் இடந்தலை கேட்கும். ஒரு ஸ்பீக்கரின் நேர்முனையும் எதிர்முனையும் மாறிப் பூட்டப்பட்டாலும் இதே நட்டம் நேரும். பூட்டி முடிந்ததும் அதையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, இரண்டாவது துண்டின் மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. கடைக்காரர் இதைச் சொல்லாததன் காரணமும் அதுவே. கதவுக்குள் ஒட்டும் பட்டையை வீதியில் போகிறவர் பார்க்க முடியாதே!

மூன்றாவது ஆசை. இரண்டு மாதம் கேட்ட பிறகும் போதாது என்று தோன்றினால் மட்டும், சிறிய அம்ப்ளிஃபயர் ஒன்றைப் பற்றி யோசிக்கலாம். பற்றரியிலிருந்து வரும் தடித்த வயருக்கு, பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிடில் பாட்டுக்குப் பதிலாகத் தீ வரும். ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் அவதானமாக இருக்க வேண்டும். அவற்றின் 12 வோல்ட் பற்றரி சிறியது. எஞ்சினைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லாததால் அப்படி அமைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் மின்சாரம் உறிஞ்சும் பெட்டியைப் பூட்டிவிட்டு, காலையில் கார் எழும்பவில்லை என்று ஜப்பானைத் திட்டுவதில் பயனில்லை.

இனி அரசுக்கு ஒரு வார்த்தை. 2008 முதல் வாகனங்களின் புகையை ஆண்டுதோறும் பரிசோதித்துத்தான் வருமான அனுமதிப்பத்திரம் தருகிறீர்கள். நல்லது. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று சொல்லிப் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டிய மேலதிக அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றினார்கள். அதுவும் இருக்கட்டும். அந்நாட்டுக்கென வடிவமைத்த வானொலியுடன் இறக்குமதியாகும் காரை, இந்நாட்டு ஒலிபரப்பைக் கேட்கக்கூடியதாக மாற்றிய பின்னரே விற்க வேண்டும் என்று இறக்குமதியாளருக்கு ஒரு நிபந்தனை விதிப்பதில் என்ன சிரமம்? ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர் முதல், புதிய கார்களின் வானொலி தரைவழி டிஜிட்டல் ஒலிபரப்பைக் கேட்டேயாக வேண்டும் என்று சட்டமாக்கியது. நோர்வே 2017-இல் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியபோது, பழைய கார்கள் பிராந்தியம் பிராந்தியமாகச் செவிடாகின. அங்கே வாழும் நம்மவர்களும் மாற்றிப்பெட்டி தேடி அலைந்தார்கள். ஆயினும் அதுபற்றி நாடே விவாதித்தது. அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் ஏ.எம். வானொலியைக் கைவிட முனைந்தபோது, பேரிடர் காலத்தில் மக்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேர வேண்டும் என்று சொல்லி 2023-இல் காங்கிரஸில் சட்டமூலமே கொண்டுவந்தார்கள். நாமோ பல தசாப்தங்களாகச் செவிட்டுக் கார்களை இறக்குமதி செய்து, இலட்சக்கணக்கில் வரியும் செலுத்தி, “ஜப்பான் செட்தானே” என்று சிரித்துக்கொள்கிறோம்.

மருமகன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். திரையை விட அவனுக்கு மனமில்லை, இளைஞன்தானே. குமிழும் ஒழுங்கான வானொலியும் உள்ள ஏழு அங்குலத் திரை ஒன்றைத் தேடிப்பிடித்தான். சப்வூஃபரைக் கைவிட்டான். மிஞ்சிய பணத்தில் முன்கதவுகள் இரண்டையும் சீர்செய்தான். முதல் நாள் என்னை ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வரை போனான். கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, வானொலியைத் திறந்தான். இரைச்சலில்லாத தமிழில் ஒருவர் காலநிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். மத்திய மலைநாட்டில் மாலையில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றார். பழைய விடயந்தான், எல்லா ஆண்டும் சொல்வதுதான். ஆயினும் அந்த நவம்பருக்குப் பிறகு, அந்த வாசகத்தைக் கேட்கும்போது இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

திரும்பி வந்து காரை நிறுத்தி, மீண்டும் உயிர்ப்பித்தபோது, அந்த ஜப்பானியப் பெண் தன் வாசகத்தைச் சொன்னாள். அவளை மட்டும் அவன் அகற்றவில்லை. அது செட்டோடு சேர்ந்ததல்லவாம், தனிப் பெட்டியாம். இருக்கட்டும். இப்போது அந்தக் காரில் அவள் குரல் மட்டும் இல்லையே!